உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடிக்குள்ளிருந்து நம்மைப் பார்க்கும் கண்கள்

விஆர் எனப்படும் மெய்நிகர் கண்ணாடியை மாட்டினால் எதிரே ஓர் உருவம் வந்து நிற்கிறது. அது கம்ப்யூட்டர் வரைந்த அவதார் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அது நம் முகத்தைப் பார்த்துவிட்டால் உடம்பு தானாக நிமிர்கிறது. பார்வையைத் திருப்பிக்கொண்டால் 'என்னை மதிக்கவில்லையோ' என்று மனசுக்குள் ஓடுகிறது. இந்தப் பார்வை விவகாரத்தைப் பற்றி உளவியல்காரர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த பல சங்கதிகளுக்கு இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலேயே சாட்சி கிடைக்கிறது.

★ ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளி தினமும் புதிதாகக் கட்டப்படுவது. உடம்புக்கு மரவள்ளி இலை, மூக்குக்கு மாதுளம் பூ, இறக்கைக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும், வாலுக்கு அரளி மொட்டு, சேர்த்துக் கட்ட வாழை நார். எல்லாமே செடி கொடியிலிருந்து வருகிறது, கண்ணைத் தவிர. கண்ணுக்கு மட்டும் காக்காய்ப் பொன், அதாவது மைக்கா. இலையும் பூவும் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொள்ள, மைக்காத் துணுக்கு மட்டும் விளக்கொளியைத் திருப்பி அனுப்புகிறது. கிளி பார்க்கிறது என்று நமக்குத் தோன்றுவது அந்த ஒரு மினுக்கினால்தான்.

அவதார் செய்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். கருவிழியின் மேல் ஓரமாகச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பார்கள். நிஜக் கண்ணில் ஈரமான கருவிழி ஜன்னல் வெளிச்சத்தையோ டியூப் லைட்டையோ பிரதிபலிக்கிறது அல்லவா, அதன் நகல் அது. அந்தப் புள்ளியை எடுத்துவிட்டுப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் முகம் ஜவுளிக்கடைப் பொம்மையின் முகமாகிவிடும். கிளி கட்டும் கைகளுக்கு இந்த நுட்பம் கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த பெருமை.

★ அந்த மினுக்கு அழகுக்கு மட்டும் பயன்படுவதில்லை. விலை உயர்ந்த விஆர் கண்ணாடிகளில் லென்ஸைச் சுற்றிச் சின்னச் சின்ன அகச்சிவப்பு விளக்குகள் இருக்கும். நம் கண்ணுக்கு அந்த ஒளி தெரியாது. அது கருவிழியில் பட்டு மினுங்குவதை உள்ளே இருக்கும் குட்டிக் கேமராக்கள் படம் பிடிக்கின்றன. கண் பாப்பாவின் நடுப்புள்ளிக்கும் மினுக்குக்கும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு, நாம் எங்கே பார்க்கிறோம் என்று கண்டுபிடித்து, நம் அவதாரின் கண்ணையும் அதே பக்கம் திருப்புகிறார்கள். 2022-இல் வந்த மெட்டா குவெஸ்ட் புரோ, 2023-இல் வந்த பிளேஸ்டேஷன் விஆர் 2, 2024-இல் வந்த ஆப்பிள் விஷன் புரோ ஆகியவற்றில் இந்த வசதி உண்டு. அதிகம் விற்ற குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3 இரண்டிலும் கிடையாது.

★ அப்படியானால் அந்த விலை குறைந்த கண்ணாடிகளில் அவதாரின் கண் எப்படி அசைகிறது? ஊகம்தான். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, யார் பேசுகிறார்கள், பக்கத்தில் என்ன பொருள் இருக்கிறது என்பதை வைத்து 'இவர் இங்கேதான் பார்ப்பார்' என்று மென்பொருள் முடிவு செய்து கண்ணை ஆட்டுகிறது. நீங்கள் உண்மையில் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்திருக்கலாம். எதிரே இருப்பவருக்கோ, நீங்கள் அவரை அன்பாகப் பார்த்த மாதிரி தெரியும்.

★ கண் அப்படியே இருக்க, மூக்கையும் வாயையும் மட்டும் திருப்பி வரைந்தால் பார்வையும் திரும்பிவிடும்! 1824-இல் வில்லியம் ஹைடு வொல்லஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் இதைக் காட்டினார். ஓவியர் தாமஸ் லாரன்ஸ் அவருக்காகப் படங்கள் வரைந்து கொடுத்தார். ஒரே ஜோடிக் கண். அதன் கீழே ஒரு தாளில் வலப்பக்கம் திரும்பிய மூக்கு வாய், இன்னொரு தாளில் இடப்பக்கம் திரும்பிய மூக்கு வாய். தாளை மாற்றியதும், ஒரு கோடுகூட மாறாத அந்தக் கண்கள் வேறு திசையில் பார்ப்பதாகத் தெரிகிறது. பார்வை என்பது கண்ணுக்குள் மட்டும் இல்லை, தலையும் சேர்ந்துதான் அதைச் சொல்கிறது. அவதார் செய்பவர் கண்ணைச் சரியாக வைத்துவிட்டுத் தலையைக் கோட்டைவிட்டால் எல்லாம் வீண்.

பரதநாட்டியம் படித்தவர்களுக்கு இது பாலபாடம். அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூலில் தலையசைவுக்குத் தனிப் பட்டியல், பார்வைக்குத் தனிப் பட்டியல். பார்வை மட்டுமே எட்டு வகை. அவதார் செய்யும் இளைஞர்கள் ஒரு நாட்டிய ஆசிரியரிடம் ஒரு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

★ இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெரிய பிளெக்ஸ் பேனர். அதில் இருக்கும் தலைவர் நேராகப் பார்க்கிறார். டீக்கடையில் நிற்பவரையும் பார்க்கிறார், எதிர்ச் சாரியில் நடப்பவரையும் பார்க்கிறார், பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவரையும் பார்க்கிறார். தட்டையான படத்தில் நேர்ப்பார்வை இருந்தால், பார்ப்பவர் எங்கே போனாலும் அது கூடவே வரும். படத்தின் ஆழம் நிஜ ஆழம் இல்லாததால், நாம் பக்கவாட்டில் நகர்ந்தாலும் அந்த முகத்தின் மறுபக்கம் நமக்குத் தெரிவதில்லை; அதனால் அது இன்னும் நம்மைத்தான் பார்க்கிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. இதற்கு மோனலிசா விளைவு என்று பெயர்.

விஆர் கண்ணாடிக்குள் இந்த மாயம் கலைந்துவிடுகிறது. இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் காட்டுவதாலும், நாம் நகர நகரப் படம் மாறுவதாலும், அவதார் ஓர் இடத்தில் நிஜமாக நிற்கிறது. நாம் இரண்டடி தள்ளிப் போனால், அது நாம் முன்பு நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பிளெக்ஸ் தலைவர் சும்மா இருந்தே எல்லோரையும் பார்த்துவிடுகிறார். அவதாருக்கோ நம்மைப் பார் என்று யாராவது கட்டளை கொடுத்தாக வேண்டும்.

★ மோனலிசா ஓவியத்துக்கே மோனலிசா விளைவு இல்லை என்கிறார்கள்! ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் ஹோர்ஸ்ட்மன், லோத் இருவரும் 24 பேரை வைத்து அளந்து 2019-இல் வெளியிட்டார்கள். அந்த அம்மாள் பார்ப்பது நம்மை அல்ல. நமக்கு வலப்பக்கம் சுமார் 15 டிகிரி தள்ளி.

★ ஒரு பெரிய ஹாலில் திரையில் ஓர் அவதார் வந்து, 'நீங்கள் சொல்லுங்கள்' என்று ஒருவரைப் பார்த்துக் கேட்டால், உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் தன்னைத்தான் கேட்டது என்று நினைப்பார். ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தட்டைத் திரையை விட்டுவிட்டு, முகத்தின் வடிவிலேயே செய்த முகமூடியின் உட்புறத்திலிருந்து படத்தைப் பாய்ச்சினார்கள். அதுதான் ஃபர்ஹாட் என்ற பேசும் தலை. அது யாரைப் பார்க்கிறதோ அவருக்கு மட்டும் தன்னைப் பார்ப்பதாகத் தெரியும்.

★ ஆப்பிள் விஷன் புரோவின் முன்பக்கக் கண்ணாடியில் அணிந்தவரின் கண் வெளியே இருப்பவருக்குத் தெரிகிறது அல்லவா? உள்ளே இருப்பது தெரியவில்லை. வெளித்திரையில் வரைந்து காட்டப்படும் கண் அது. இடப்பக்கம் நிற்பவருக்கு ஒரு கோணம், வலப்பக்கம் நிற்பவருக்கு வேறு கோணம் காட்டும்படி திரைக்கு மேல் நுண்ணிய லென்ஸ் வரிசை வைத்திருக்கிறார்கள். பிளெக்ஸ் பேனர் பிரச்சினையைத் தீர்க்கத்தான் இவ்வளவு பாடும்.

★ ஒருவர் நம்மைப் பார்க்கிறார் என்று ஒப்புக்கொள்ள, அவர் சரியாக நம் கண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேமர், ஹெக்ட் இருவரும் கம்ப்யூட்டர் தலைகளையும் வைத்து 2007-இல் இதை அளந்தார்கள். பார்வைக்கு ஒரு கூம்பு இருக்கிறது. அந்தக் கூம்புக்குள் எங்கே பட்டாலும் 'என்னைத்தான்' என்கிறோம். சுமார் 9 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் தூரத்தில் அது 16 சென்டிமீட்டர் அகலம், கிட்டத்தட்ட ஒரு முகத்தின் அகலம். இரண்டு மீட்டரில் அது இரட்டிப்பாகிவிடும், காதைத் தாண்டி வெளியே போகும். அவதார் செய்பவர்களுக்கு இது நல்ல சேதி. கண்ணைக் கண்காணிக்கும் கருவி ஒன்றிரண்டு டிகிரி தப்பினாலும் பெரிதாகத் தெரியாது.

★ சந்தேகம் வந்தால் என்ன நினைப்போம்? 'என்னைத்தான் பார்க்கிறார்' என்று. மாரெஷால், கால்டர், கிளிஃபோர்ட் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சொல்கிறது. கண் மங்கலாகவோ இருட்டிலோ இருந்து, எங்கே பார்க்கிறது என்று புரியாதபோது, நம் மூளை நம் பக்கமே தீர்ப்புச் சொல்கிறது. மங்கலான திரை கொண்ட மலிவுக் கண்ணாடிகளில் தூரத்தில் நிற்கும் அவதார்கள் எல்லாம் நம்மையே பார்ப்பதாகத் தோன்றுவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

★ பிறந்து இரண்டிலிருந்து ஐந்து நாள் ஆன குழந்தைக்கே தன்னைப் பார்க்கும் முகம்தான் பிடிக்கும். ஃபரோனியும் அவர் கூட்டாளிகளும் 2002-இல் கண்டது.

★ ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மலைக்காட்டில் செண்பகத்தோப்புப் பக்கம் போயிருக்கிறீர்களா? குரங்கைக் கண்ணோடு கண் பார்க்காதே என்று ஊரில் சொல்லி அனுப்புவார்கள். நாட்டுக் குரங்குக்கு நேர்ப்பார்வை என்பது சண்டைக்கு அழைப்பு. அதன் கண்ணின் வெள்ளைப் பகுதியும் நம்முடையதைப் போல் வெள்ளையாக இருக்காது; எங்கே பார்க்கிறது என்பது எளிதில் பிடிபடாது. ஜப்பானின் கோபயாஷி, கோஷிமா இருவரும் 1997-இல் குரங்கினங்களின் கண்களை ஒப்பிட்டு, இவ்வளவு அகலமான, வெளிப்படையான வெள்ளைவிழி மனிதனுக்குத்தான் இருக்கிறது என்று எழுதினார்கள். நாம் எங்கே பார்க்கிறோம் என்று அடுத்தவருக்குத் தெரிந்தால், சேர்ந்து வேலை செய்வது சுலபம். அவதாருக்கும் இதே விதிதான். முழுக்கக் கறுப்பான பொத்தான் கண் வைத்த அவதார் அழகாக இருக்கலாம். ஆனால் எங்கே பார்க்கிறது என்று யாருக்கும் புரியாது. சேர்ந்து வேலை செய்ய வேண்டிய இடத்தில் கொஞ்சம் வெள்ளையாவது வையுங்கள்.

★ அதே மலைக்காடு 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. புலிக்கும் பார்வைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. புலி பெரும்பாலும் பின்னால் இருந்துதான் பாயும். 1980-களின் பிற்பகுதியில், வங்காளத்துச் சுந்தரவனத்தில் தேன் எடுக்கவும் விறகு வெட்டவும் போனவர்களுக்கு, தலையின் பின்பக்கம் மாட்டிக்கொள்ள மனித முகமூடி கொடுத்தார்கள். பின்னாலும் இரண்டு கண் பார்ப்பதைக் கண்ட புலி தயங்கியது. கொஞ்ச காலம் நன்றாகவே பலித்தது.

ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் மாட்டின் பின்புறத்தில் கண் வரைந்து பார்த்தார்கள். நான்கு வருடம், 14 மந்தைகள், 2,061 மாடுகள். கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றைக்கூட சிங்கமும் சிறுத்தையும் அடிக்கவில்லை. எதுவும் வரையாத 835-இல் 15 போய்விட்டன. சிலுவைக் குறி போட்ட 543-இல் நான்கு. 2020-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்ததும், கண்ணின் வடிவத்துக்கு எவ்வளவு பலம் என்று வியந்துபோனேன். வரைந்த கண்ணுக்கே சிங்கம் பின்வாங்குகிறது என்றால், அசையும் அவதார் கண்ணுக்கு நாம் கூச்சப்படுவதில் என்ன ஆச்சரியம்?

★ கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் உருண்டைக் கண்ணோடு தொங்கும் திருஷ்டிப் பொம்மைக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது என்று சொல்லலாம். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் 2006-இல், காசு போட்டுவிட்டு டீ எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஒரு வாரம் பூப்படம், மறு வாரம் கண் படம் என்று மாற்றி மாற்றி ஒட்டினார்கள். கண் படம் இருந்த வாரங்களில் உண்டியலில் விழுந்த காசு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதற்கு ஆமாம் போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

★ இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. பால் வெள்ளை உடம்பு, பொன்னிறக் கண். இந்த இனத்தில் காது கேளாமல் பிறக்கும் குட்டிகள் உண்டு. வெள்ளை நிறத்தைத் தரும் மரபணுக்களோடு சேர்ந்து வரும் குறை அது. அப்படிப்பட்ட குட்டியை வளர்ப்பவர் குரலால் அழைக்க முடியாது. கையசைவும் கண்ணும்தான் பேச்சு.

நாயும் வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தால் இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்ற பாச ஹார்மோன் கூடுகிறது என்று ஜப்பானின் நாகசாவா குழுவினர் 2015-இல் காட்டினார்கள். மனிதரே வளர்த்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. நாயின் புருவத்தை உள்பக்கம் தூக்கும் தசை ஓநாயிடம் சரியாக வளர்ந்திருக்கவில்லை என்பது 2019-இல் தெரியவந்தது. அந்தப் 'பாவமான பார்வை' அந்தத் தசையால் வருவது. அவதார் செய்பவர்கள் கண்ணோடு புருவத்தையும் ஆட்டிப் பார்க்கட்டும்; விழி ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

★ சிற்பிகள் சிலையின் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். தங்க ஊசியால் விழியில் கீறல் போடும் அந்தச் சடங்குக்கு நயனோன்மீலனம் என்று பெயர். திறந்ததும் சுவாமியின் முதல் பார்வை பசுவும் கன்றும் போன்ற மங்கலமானவற்றின் மேல் விழும்படி ஏற்பாடு செய்வார்கள். இலங்கையின் பௌத்தக் கோயில்களில் புத்தரின் கண்ணை எழுதுபவர் நேரே பார்க்காமல் கண்ணாடியில் பார்த்து எழுதுவார். பார்வை தொடங்கும் கணத்தை நம் ஆட்கள் எவ்வளவு மரியாதையோடு நடத்தியிருக்கிறார்கள்!

★ 2022 பிப்ரவரி 6 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டியது ஊரில்; வரவேற்பு நடந்தது மெட்டாவெர்ஸ் என்ற மெய்நிகர் உலகில், ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் கோட்டை போன்ற அரங்கில். உறவினர்கள் தங்கள் அவதார்களோடு வந்து வாழ்த்தினார்கள். மணப்பெண்ணின் தந்தை 2021-இல் காலமாகிவிட்டவர். அவருடைய உருவத்திலும் ஓர் அவதார் செய்து, மகளையும் மருமகனையும் ஆசீர்வதிக்க நிற்க வைத்தார்கள்.

செய்தியைப் படித்தபோது கண்ணைப் பற்றித்தான் எனக்கு முதலில் நினைப்பு வந்தது. அந்த மகளுக்குச் சட்டையின் நிறமோ மீசையின் அளவோ பெரிதல்ல. அப்பா தன்னைப் பார்க்கிறாரா என்பதுதான் பெரிது. இறந்தவரின் கண்ணைக் கண்காணிக்க எந்தக் கருவியாலும் முடியாது. எங்கே பார்க்க வேண்டும் என்பதை உயிரோடு இருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பு சாதாரணமானதல்ல.

★ இந்தப் பொறுப்புக்கு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 2003-இல் நடந்த ஆய்வு ஒரு குறிப்புத் தருகிறது. மயா கராவ் குழுவினர் இரண்டு விதமான அவதார் செய்தார்கள்: ஒன்று எளிமையானது, இன்னொன்று மனிதச் சாயல் அதிகமுள்ளது. இரண்டுக்கும் இரண்டு விதக் கண் வைத்தார்கள்: கண்டபடி அசைவது ஒன்று, பேச்சின் போக்கை அறிந்து அசைவது ஒன்று. மனிதச் சாயல் கூடிய அவதாருக்கு, பேச்சோடு ஒட்டிய கண் மிகவும் கைகொடுத்தது. எளிமையான பொம்மைக்கோ அதே நல்ல கண் உதவவில்லை, கெடுக்கவே செய்தது. முகம் எவ்வளவு நிஜமோ, கண்ணும் அவ்வளவு நிஜமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஓடிப்போய் முன்னே நிற்கக் கூடாது.

★ 2014 மே 23 அன்று வெளியான 'கோச்சடையான்' படத்தில் ரஜினிகாந்தின் உடல் அசைவைக் கருவிகளால் பதிவு செய்து உருவம் கொடுத்தார்கள். 2009-இல் மறைந்த நாகேஷும் அதில் டிஜிட்டல் உருவமாக வந்தார். இவ்வகைப் படங்களில் எப்போதும் கண்தான் முதலில் மாட்டிக்கொள்ளும். 2004-இல் வந்த 'போலார் எக்ஸ்பிரஸ்' படத்துப் பாத்திரங்களுக்கு உயிரில்லாத கண் என்று உலகமே குறை சொன்னது. அதே இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸ் 2007-இல் 'பியோவுல்ஃப்' எடுத்தபோது, நடிகர்களின் கண்ணைச் சுற்றி மின்முனைகளை ஒட்டி, விழி நகரும்போது உண்டாகும் மெல்லிய மின்சாரத்தையே பதிவு செய்தார்.

★ நம் விழியின் நடு அச்சும், நாம் உண்மையில் பார்க்கும் கோடும் ஒன்றல்ல. இரண்டுக்கும் சுமார் 5 டிகிரி வித்தியாசம். நேராகப் பார்க்கும்போதும் நம் பாப்பாக்கள் இரண்டும் கொஞ்சம் வெளிப்பக்கம்தான் திரும்பியிருக்கும். இது தெரியாமல் அவதாரின் இரண்டு பாப்பாவையும் எதிரே இருப்பவரை நோக்கிக் கணக்குப்படி திருப்பினால், லேசாக மாறுகண் போலத் தெரியும். பார்ப்பவருக்கு எது சரியில்லை என்று சொல்லத் தெரியாது, ஏதோ உறுத்தும்.

மாறுகண் என்றதும் இன்னொன்று. குழந்தைக்கு மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சும்மா விட்டுவிடும் வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து விடாதீர்கள். சிறு வயதிலேயே பார்க்காவிட்டால் அந்தக் கண்ணின் பார்வையை மூளை ஒதுக்கிவிடக்கூடும். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையில்தான் இருக்கிறது. இராஜபாளையத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

★ அவதாரை இடித்துவிடாமல் நடப்போமா? நடப்போம், அது வெறும் ஒளி என்று தெரிந்தும். கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஜெரமி பெய்லன்சன் குழுவினர் ஒரு மெய்நிகர் மனிதனை நிறுத்தி, அவன் சட்டையின் முன்னும் பின்னும் எழுதியிருப்பதைப் படித்துவரச் சொன்னார்கள். மக்கள் அவன் முதுகுப் பக்கம் நெருங்கிப் போனார்கள். முகத்துப் பக்கம் தள்ளி நின்றார்கள். 2001-இல் வந்த அந்த ஆய்வில், தன்னையே பார்க்கும் உருவத்திடமிருந்து பெண்கள் இன்னும் அதிகமாக விலகி நின்றார்கள். கூட்டமான பஸ்ஸில் ஏறிப் பழகிய நம் பெண்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. விஆர் அரங்கம் அமைப்பவர்கள் இதை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

★ அறிமுகமில்லாத ஒருவர் எவ்வளவு நேரம் கண்ணோடு கண் பார்த்தால் சங்கடமில்லை? சராசரியாக 3.3 விநாடி. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களை வைத்து 2016-இல் கண்டார்கள். இமைக்காமல் பத்து விநாடி பார்க்கும் அவதார் ஏன் பயமுறுத்துகிறது என்பது இப்போது புரியும்.

★ பொய் கண்ணில் தெரியுமா? அவதார் கண்ணிலும் கொஞ்சம் தெரிகிறது. வில்லியம் ஸ்டெப்டோவும் கூட்டாளிகளும் 2010-இல் செய்த சோதனையில், பேசுபவரின் விழியசைவு, இமைப்பு, பாப்பாவின் விரிவு மூன்றையும் அவதாருக்குக் கொடுத்தபோது, பார்த்தவர்கள் உண்மை எது பொய் எது என்பதை முன்பைவிடச் சரியாகச் சொன்னார்கள்.

★ ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. மாலையைச் சூடிய ஆண்டாள் தன் அழகை அதில் பார்த்தாள் என்பது ஐதீகம். கிணற்று நீரானாலும் வீட்டுக் கண்ணாடியானாலும், ஒன்றை மட்டும் யாராலும் பார்க்க முடியாது: தன் கண் நகர்வதை. கண்ணாடி முன் நின்று இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். விழி நகர்ந்தது தெரியவே தெரியாது. விழி பாயும் அந்தக் கணத்தில் மூளை காட்சியை மட்டுப்படுத்திவிடுகிறது. அதையே செல்போனின் செல்பி கேமராவில் செய்யுங்கள், நகர்வது தெரியும். போன் படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டுவதால், நம் கண் நின்ற பிறகு படத்தில் இருக்கும் கண் நகர்கிறது. கண்ணைக் கண்காணிக்கும் விஆர் கண்ணாடியில் நம் அவதாரை நாமே பார்க்கும்போதும் இதே தாமதம் உண்டு.

★ வீடியோ காலில் மகனோடு பேசும் அம்மாக்களுக்கு ஒரு குறிப்பு. போனை மடியில் வைக்காமல், கேமரா கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்படி வையுங்கள். ஒருவர் நம் கண்ணைவிடச் சற்றுக் கீழே பார்த்தால் நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மேலேயோ பக்கத்திலோ பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம். ஸ்டான்ஃபோர்டின் மில்டன் சென் 2002-இல் அளந்து சொன்னது.

★ நம்மூரில் அப்பா திட்டும்போது தலை குனிந்து நிற்பது மரியாதை. நிமிர்ந்து பார்த்தால் 'என்னடா முறைக்கிற?' என்று இன்னும் இரண்டு விழும். ஜப்பானியருக்கும் பின்லாந்துக்காரருக்கும் ஒரே முகத்தைக் காட்டிய 2013-ஆம் ஆண்டு ஆய்வில், நேரே பார்க்கும் முகத்தை ஜப்பானியர் அதிகக் கோபக்கார முகமாகவும் நெருங்க முடியாத முகமாகவும் மதிப்பிட்டார்கள். கலிபோர்னியாவில் இருந்துகொண்டு அவதார் செய்பவர் தன் பழக்கத்துக்குச் சரி என்று வைத்த பார்வை நேரம் நம் வீட்டுப் பாட்டிக்கும் சரியாக இருக்கும் என்று எப்படி எடுத்துக்கொள்வது? இதை இங்கேதான் அளக்க வேண்டும். கிருஷ்ணன்கோவிலிலும் இராஜபாளையத்திலும் இன்ஜினியரிங் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டு ஹெட்செட்டும், ஒத்துழைக்கும் நூறு பெரியவர்களும் கிடைத்தால் மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

★ ஒருவரால் ஒரே நேரத்தில் ஒருவரைத்தான் பார்க்க முடியும். விஆரில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பேச்சாளர் ஒருவர், கேட்பவர் இருவர். ஒவ்வொருவரின் கண்ணாடிக்குள்ளும் 'பேச்சாளர் முழு நேரமும் என்னையே பார்க்கிறார்' என்று காட்டலாம். பெய்லன்சன் குழுவினர் 2005-இல் இதைச் செய்து பார்த்தார்கள். அந்தப் பார்வை நிஜமல்ல என்பதைக் கேட்டவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பெண்கள் பேச்சாளரின் கருத்தைக் கூடுதலாக ஒப்புக்கொண்டார்கள். ஆயிரம் பேர் விஆரில் கேட்கும் ஒரு தேர்தல் பிரசாரத்தை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பேரையும் தனித்தனியே கண்ணோடு கண் பார்க்கும் ஒரு தலைவர். பார்வை செயற்கையாகக் கூட்டப்பட்டிருக்கிறது என்று திரையில் அறிவிக்க வேண்டும் என ஒரு விதி வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

★ அவதாரின் கண் நம் பாஸ்வேர்டையும் காட்டிக்கொடுக்கும்! ஆப்பிள் விஷன் புரோவில் எழுத்தைக் கண்ணால் பார்த்தே தட்டச்சு செய்யலாம். வீடியோ காலில் இருக்கும்போதே அப்படித் தட்டினால், எதிரே இருப்பவருக்குத் தெரியும் நம் அவதாரின் கண்ணும் ஒவ்வோர் எழுத்தாகத் தாவும். அந்தத் தாவலை மட்டும் வைத்து என்ன தட்டினோம் என்பதைப் பெருமளவு கண்டுபிடிக்கலாம் என்று புளோரிடா பல்கலைக்கழகத்தையும் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் அடங்கிய குழு 2024-இல் காட்டியது. 'கேஸ்ப்ளாய்ட்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அவர்கள் முன்கூட்டியே தெரிவித்ததால், ஆப்பிள் அந்த வருடம் ஜூலையில் விஷன்ஓஎஸ் 1.3-இல் அதைச் சரிசெய்தது. இப்போது மெய்நிகர் விசைப்பலகையைத் திறந்தவுடன் அவதார் நிறுத்தி வைக்கப்படுகிறது.